சங்கிலிப் பதிவேடு: பிளாக்செயின் முறையின் அடிப்படைகள்

அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர் யாவரும் அறிந்த வழக்கம் ஒன்று உண்டு. புதிய பதிவேட்டைத் தொடங்கும்போது, அதன் முதற் பக்கத்தில் "இப்பதிவேட்டில் 1 முதல் 200 முடியப் பக்கங்கள் உள்ளன" என்று எழுதி, பொறுப்புள்ள அதிகாரி கையொப்பமிடுவார். எழுதிய பதிவைச் சுரண்டி அழித்தல் கூடாது. பிழை நேர்ந்துவிட்டால், பழைய எழுத்துத் தெரியும்படி ஒரு கோடிட்டு அடித்து, சரியானதை அருகில் எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு இவ்விதிகள் வீண் தொல்லையாகத் தோன்றலாம். ஆயினும், நேற்று எழுதியதை இன்று ஒருவர் பிறர் அறியாமல் மாற்றிவிடக் கூடாது என்ற ஒரே நோக்கத்துக்காகவே இவை அனைத்தும் ஏற்பட்டன.

பதிவேடு கணிப்பொறிக்குள் சென்றதும் இக்காவல்கள் பயனற்றுப் போயின. அங்கே சுரண்டிய தழும்பு இல்லை. மையின் நிற வேறுபாடு இல்லை. கிழித்த பக்கத்தின் ஓரமும் இல்லை. 40 என்ற எண்ணை 30 என்று மாற்றினால், அது முதலிலிருந்தே 30 ஆக இருந்தது போலவே காட்சியளிக்கும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைக் கணிப்பொறியே தனியாகக் குறித்து வைக்கும்படி செய்யலாம் என்பது உண்மை. ஆனால் அக்குறிப்பையும் மாற்றும் அதிகாரம் படைத்த ஒருவர் அவ்வலுவலகத்திலேயே இருப்பார். இந்த இடர்ப்பாட்டுக்குக் கண்ட விடைகளுள் ஒன்றே பிளாக்செயின் என்று வழங்கும் முறையாகும்.

இச்சொல்லைத் தமிழில் கட்டச்சங்கிலி என்றும் தொகுதிச் சங்கிலி என்றும் எழுதுகின்றனர். பொருள் விளங்க வேண்டும் என்ற கருத்தால் இக்கட்டுரையில் சங்கிலிப் பதிவேடு என்றே வழங்குகிறோம். அது ஒரு பதிவேடு என்பதை நினைவிற் கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நாணயச் சூதாட்டத்தைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளால் இச்சொல்லின் மேல் படிந்துவிட்ட ஐயமும் ஓரளவு விலகும்.

முத்திரை எண்

இம்முறையின் உயிர்நாடி, ஹாஷ் எனப்படும் ஒரு கணக்கீடு. எவ்வளவு நீண்ட எழுத்தாயினும் அதை ஒரு குறிப்பிட்ட விதிப்படி சுருக்கி, மாறா நீளமுடைய ஓர் எண்ணாக ஆக்குவதே அதன் வேலை. அந்த எண்ணை முத்திரை எண் என்று கூறுவோம். ஆசிரியர்கள் இதனைக் கணிப்பொறி எதுவுமின்றிக் கரும்பலகையிலேயே செய்து காட்டலாம்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த அரிசியின் அளவைக் குறிக்கும் இருப்புப் பதிவேடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு வாரங்களில் வந்தவை முறையே 25, 40, 18, 32 கிலோ என்க. நமது விதி இது: முந்தைய முத்திரை எண்ணை 7 ஆல் பெருக்கி, இவ்வார அளவைக் கூட்டி, வரும் தொகையை 97 ஆல் வகுத்து, மீதியை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். தொடக்க எண் 10 என்று வைப்போம். முதல் வாரம்: 70 உடன் 25 சேர்ந்து 95, முத்திரை எண் 95. இரண்டாம் வாரம்: 95 ஐ 7 ஆல் பெருக்க 665, அதனுடன் 40 சேர்ந்து 705, வகுத்த மீதி 26. மூன்றாம் வாரம்: 182 உடன் 18 சேர்ந்து 200, மீதி 6. நான்காம் வாரம்: 42 உடன் 32 சேர்ந்து 74. ஆக, முத்திரை எண்கள் 95, 26, 6, 74.

இப்போது யாரோ ஒருவர் இரண்டாம் வாரத்தின் 40 கிலோவை 30 என்று மாற்றிவிட்டார் எனக் கொள்வோம். மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டாம் முத்திரை எண் 26 ஆக இராமல் 16 ஆகிவிடும். அவ்வாரத்தோடு அது நிற்பதில்லை. மூன்றாம் எண் 33 ஆகும்; நான்காம் எண் 69 ஆகும். மூன்றாம், நான்காம் வாரங்களின் அரிசி அளவை எவரும் தொடவில்லை. இருந்தும் அவற்றின் முத்திரை எண்கள் மாறிவிட்டன. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தியதன் முத்திரையைத் தன்னுள் ஏற்றுக்கொண்டே பிறந்தமையால், ஓரிடத்தில் ஏற்பட்ட மாறுதல் கடைசி வரை பரவுகிறது. சங்கிலி என்ற பெயர் இதனால் வந்ததே. மெய்யான முறையில் ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக இவ்வாறு செய்யாமல், பல பதிவுகளை ஒரு பக்கமாகத் தொகுத்து, பக்கத்துக்குப் பக்கம் பிணைக்கின்றனர்.

நமது விதியில் ஒரு குறை உண்டு. கூரிய மாணவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்தால் அவனைப் பாராட்ட வேண்டும். 40 க்குப் பதில் 137 என்று எழுதினாலும் மீதி 26 தான் வரும், ஏனெனில் இரண்டுக்கும் வேறுபாடு சரியாக 97. மீதிகள் 97 மட்டுமே இருக்க முடியுமாதலால், ஒரே முத்திரையைத் தரும் இரு பதிவுகளைக் காண்பது எளிது. மெய்யான முறைகளில் இந்த இடம் மிக விரிவானது. 2002 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தரமாக வெளியிட்டு, இன்று பரவலாக உபயோகத்திலுள்ள எஸ்.எச்.ஏ.-256 என்னும் விதி தரக்கூடிய முத்திரைகளின் தொகையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். ஒரே முத்திரையைத் தரும் இரு வேறு எழுத்துகளை இவ்விதியில் இதுவரை எவரும் கண்டதில்லை. மேலும், ஓரெழுத்தை மாற்றினாலும் முத்திரை முழுவதும் உருத்தெரியாமல் மாறிவிடும். அதைப் பார்த்து மூல எழுத்தை ஊகிக்கவும் இயலாது. எனினும் இது எக்காலத்துக்கும் உரிய உறுதி அன்று. இதற்கு முந்திய எஸ்.எச்.ஏ.-1 என்ற விதியும் ஒரு காலத்தில் நம்பப்பட்டதே. 2017 இல் நெதர்லாந்து நாட்டின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் கூகுள் நிறுவனமும் சேர்ந்து, ஒரே முத்திரையுடைய இரு வேறு ஆவணங்களை ஆக்கிக் காட்டின.

வெளியிலுள்ள சாட்சி

சங்கிலி கட்டிவிட்டோம், ஆகவே பதிவேடு பாதுகாப்பானது என்று கூறிவிடலாமா? கூற இயலாது. பலர் தடுமாறும் இடம் இதுவே. 40 ஐ 30 ஆக மாற்றிய அதே எழுத்தர், சோம்பலின்றி உட்கார்ந்து, 95, 16, 33, 69 என்று முத்திரை எண்கள் அனைத்தையும் புதிதாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? பதிவேடு மறுபடியும் தன்னளவில் பிழையற்றதாகிவிடும். தணிக்கையாளர் எத்தனை முறை கூட்டிப் பெருக்கினாலும் குற்றம் தென்படாது. ஆனால் நான்காம் வாரக் கடைசியில் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர் ஒருவர் 74 என்ற எண்ணைத் தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தால் கதை வேறு. அரிசிக் கணக்கு முழுவதும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த ஓர் எண் போதும்.

இக்கருத்து நாணயத்துக்காகத் தோன்றியதன்று. அமெரிக்காவில் பெல்கோர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டொர்னெட்டா என்னும் இருவர், கணிப்பொறி ஆவணம் ஒன்று இன்ன நாளில் இருந்தது என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது என்ற கேள்வியை ஆராய்ந்து, 1991 இல் தங்கள் கட்டுரையை வெளியிட்டனர். ஆவணங்களின் முத்திரை எண்களைச் சங்கிலியாகப் பிணைக்கலாம் என்பது அவர்கள் கண்ட வழி. அவர்களைச் சார்ந்த ஷ்யூரிட்டி என்னும் நிறுவனம் 1995 முதல் வாரந்தோறும் தன் சங்கிலியின் முத்திரை எண்ணை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சிறு விளம்பரமாக வெளியிட்டு வந்தது. இதைக் காட்டிலும் எளிய, வலிய காவல் வேறென்ன? கணிப்பொறியில் உள்ளதை மாற்றலாம். ஊரெங்கும் நூலகங்களிலும் வீடுகளிலும் கிடக்கும் செய்தித்தாளை யாரால் மாற்ற இயலும்?

பின்னர் 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோதோ என்ற புனைபெயரில் பிட்காயின் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதன் மேற்கோள் பட்டியலில் இருந்த எட்டு நூல்களுள் மூன்று, ஹேபரும் ஸ்டொர்னெட்டாவும் எழுதியவை அல்லது அவர்கள் பங்குகொண்டவை. 2009 ஜனவரி 3 ஆம் நாளிட்ட அதன் முதற் பக்கத்தில், அன்றைய லண்டன் டைம்ஸ் நாளிதழில் வங்கிகளுக்கு அரசு மீண்டும் உதவுவது பற்றி வந்த தலைப்புச் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. முன்பு செய்தித்தாளில் முத்திரை ஏறியது. இங்கே முத்திரைக்குள் செய்தித்தாள் ஏறியது. முன்னது, பதிவு அந்த நாளுக்கு முன்பே இருந்தது என்பதற்குச் சாட்சி. பின்னது, பதிவு அந்த நாளுக்கு முன் எழுதப்பட்டிருக்க முடியாது என்பதற்குச் சாட்சி.

அடுத்த பக்கத்தை எழுதுவோர் யார்?

பிட்காயினில் செய்தித்தாள் இல்லை. விரும்பிய எவரும் பதிவேட்டின் முழுப் படியையும் தம் கணிப்பொறியில் வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு வைத்திருப்போர் ஒவ்வொருவரும் மற்றவருக்குச் சாட்சி. ஆயினும் தலைமை எழுத்தர் என ஒருவர் இல்லாதபோது, அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? தலைக்கு ஒரு வாக்கு என்று வைத்தால், ஒருவரே ஆயிரம் பெயர்களில் வந்து வாக்களிப்பார். ஆகவே, எளிதிற் பொய்யாக வளர்த்துக் காட்ட இயலாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். அது உழைப்பு, அதாவது, கணிப்பொறியின் உழைப்பு.

பக்கத்தின் கடைசியில் ஒரு நிரப்பு எண்ணைச் சேர்த்து முத்திரை காண வேண்டும். அம்முத்திரை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே அமைந்தாலன்றிப் பக்கம் செல்லாது. எந்த நிரப்பு எண் பொருந்தும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. பெரிய சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் பூட்டில் போட்டுப் பார்ப்பதைப் போல முயன்றுகொண்டே இருக்க வேண்டும். திறந்த சாவி இதுதான் என்று மற்றவர்கள் சரிபார்ப்பதோ நொடிப் பொழுதில் முடியும். சராசரியாக 10 நிமிஷங்களுக்கு ஒரு பக்கம் சேரும்படி, 2,016 பக்கங்களுக்கு ஒருமுறை வரம்பு தானாகவே திருத்தப்படுகிறது. வெற்றி பெற்றவருக்குப் புதிய நாணயங்கள் கூலியாகும். தொடக்கத்தில் பக்கத்துக்கு 50 ஆக இருந்த அக்கூலி, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆகக் குறைந்துள்ளது. 2025 இன் நடுவில் பக்கங்களின் எண்ணிக்கை 9 லட்சத்தைத் தாண்டியது. பழைய பக்கம் ஒன்றை மாற்ற விரும்புபவர், அதன் பின்வந்த பக்கங்கள் அனைத்துக்கும் இவ்வுழைப்பைத் திரும்பச் செய்து, முன்னே சென்றுகொண்டிருக்கும் மற்றவர்களையும் எட்டிப் பிடிக்க வேண்டும்.

இதற்காகச் செலவாகும் மின்சாரம், சில நாடுகள் முழுவதும் ஓராண்டில் செலவிடுவதற்கு ஒப்பானது என்று மதிப்பிட்டுள்ளனர். எத்தீரியம் என்ற மற்றொரு பெரிய சங்கிலி 2022 செப்டம்பர் 15 அன்று இவ்வழியைக் கைவிட்டு, பிணைத்தொகை கட்டியவர்கள் முறைவைத்து எழுதும் வழிக்கு மாறியது. அதன் மின் செலவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

அழிக்கவே முடியாது என்று இம்முறையைப் புகழ்வோர்க்கு எத்தீரியத்தின் வரலாறே தக்க விடை. 2016 ஜூன் மாதத்தில், அதன் மேல் இயங்கிய முதலீட்டுத் திட்டம் ஒன்றிலிருந்து, விதியில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவர் சுமார் 36 லட்சம் ஈத்தர் நாணயங்களைத் தம்பால் ஈர்த்துக்கொண்டார். பங்குகொண்டோருள் பெரும்பாலோர் கலந்து பேசி, அடுத்த மாதமே விதியை மாற்றி அச்செயலின் விளைவை நீக்கினர். உடன்படாத சிலர் பழைய வழியிலேயே சென்றமையால் சங்கிலி இரண்டாகக் கிளைத்தது. அவ்வாறு பிரிந்த சிறிய சங்கிலியில் உழைப்போர் குறைவு. 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும், பெரும்பான்மை உழைப்பைக் கைப்பற்றியவர்கள் அதன் அண்மைப் பக்கங்களை மெய்யாகவே மாற்றி எழுதிவிட்டனர். ஆகவே சங்கிலியின் வலிமை கணக்கில் மட்டும் இல்லை. அதைக் காப்போரின் தொகையிலும், அவர்கள் ஒருவருக்கொருவர் கட்டுப்படாமல் தனித்திருப்பதிலும் உள்ளது.

அலுவலகங்களுக்கு ஏற்ற வகை

ஒருவரையொருவர் அறிந்த நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பதிவேட்டுக்குச் சாவிக்கொத்து உழைப்பு தேவையில்லை. வாக்கெடுப்பே போதும். எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு 1982 இல் லாம்போர்ட், ஷாஸ்டாக், பீஸ் ஆகிய விஞ்ஞானிகள் ஒரு கணக்குத் தந்துள்ளனர்: ஒரு துரோகியைத் தாங்க நால்வர் வேண்டும், இருவரைத் தாங்க எழுவர் வேண்டும். மூவருள் ஒருவர் பொய்யரானால், மற்ற இருவரும் யாரை நம்புவது என்று அறியாமல் திகைப்பர்.

இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 இல் வகுத்த விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்புவோரின் பெயர்களும் செய்தி மாதிரிகளும் தொலைபேசி நிறுவனங்கள் பகிர்ந்து வைக்கும் இத்தகைய பதிவேட்டில் ஏற்றப்படுகின்றன. 2024 செப்டம்பரில் மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 'விஸ்வஸ்ய' என்னும் தேசிய அமைப்பைத் தொடங்கிவைத்தது. புவனேசுவரம், புனே, ஹைதராபாத் ஆகிய இடங்களிலுள்ள தேசியத் தகவலியல் மையத்தின் தரவு நிலையங்களில் அது அமைந்துள்ளது. ஓர் ஊரில் வெள்ளமோ தீயோ நேர்ந்தால் பதிவுகள் அழியாமல் காக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் இடம் பலவாக இருத்தல் ஒன்று, பொறுப்பாளர் பலராக இருத்தல் வேறொன்று என்பதைக் கள ஊழியர்கள் பிரித்தறிய வேண்டும். எந்தத் திட்டத்திலும் மற்றப் படிகள் யார் கையில் உள்ளன என்று கேட்பது முறையான கேள்வியே. எல்லாப் படிகளும் ஒரே அலுவலகத்தின் ஆணைக்கு உட்பட்டவையாயின், நமது அரிசிப் பதிவேட்டின் நிலையே அதற்கும்.

ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது சான்றிதழ்ச் சரிபார்ப்பு. ஒரு தேர்வில் ஒரு லட்சம் மதிப்பெண் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன எனக் கொள்வோம். அவை அனைத்தையும் சங்கிலியில் ஏற்ற வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் முத்திரை எண் கண்டு, இரண்டிரண்டாகச் சேர்த்து மீண்டும் முத்திரையிட்டு, இவ்வாறே மேலே சென்றால் இறுதியில் ஒரே எண் நிற்கும். இதனைக் கண்டவர் ரால்ஃப் மெர்க்கிள். மர வடிவில் இருத்தலால் மெர்க்கிள் மரம் என்பர். உச்சியிலுள்ள அந்த ஓர் எண்ணைச் சங்கிலியில் ஏற்றினால் போதும். குறிப்பிட்ட மாணவி ஒருத்தியின் சான்றிதழ் மெய்யானதே என்று காட்ட, அவளது சான்றிதழுடன் 17 முத்திரை எண்கள் மட்டும் இருந்தால் போதுமானது. மற்ற மாணவர்களின் மதிப்பெண்களை எவரும் பார்க்க வேண்டியதில்லை.

முதல் பதிவு

சங்கிலிப் பதிவேடு அறியாத ஒன்று உண்டு, அது வயல். வரப்பு எங்கே ஓடுகிறது, 40 கிலோ என்று எழுதிய மூட்டையில் எவ்வளவு இருந்தது, பிறந்த நாள் எது என்பவற்றை அது அறியாது. எழுதியது மாறவில்லை என்று மட்டுமே அது சான்று கூறும். எழுதியது மெய் என்று கூறாது. எடை குறைவான மூட்டையை 40 என்று பதிந்தால், அப்பொய் எல்லாப் படிகளிலும் ஒரே சீராக, பிழையற்ற முத்திரையுடன் நிலைபெற்றுவிடும். நிலப்பதிவுகளில் இதனை மிகக் கவனிக்க வேண்டும். பழைய ஆவணத்தில் தவறாக எழுதப்பட்ட உரிமையாளர் பெயரை விசாரணையின்றி அப்படியே சங்கிலியில் ஏற்றினால், ஏழை விவசாயி ஒருவரின் வழக்கு முன்னிலும் கடினமாகும். "கணிப்பொறியே கூறுகிறது" என்ற பேச்சுக்கு எதிரே அவர் நிற்க வேண்டியிருக்கும். ஏற்றுவதற்கு முன் ஊரில் படித்துக் காட்டி ஆட்சேபணை கேட்கும் பழைய வழக்கத்தை, புதிய கருவி வந்துவிட்டது என்று கைவிடுதல் பெருந்தவறு என்பது இதை எழுதுவோனின் கருத்து.

பதிவிடுவோரின் கையொப்பம் இங்கே ஓர் இரகசிய எண்ணாக இருக்கும். அந்த எண்ணை வைத்திருப்பவரே கையொப்பமிடுபவர். வேலைப் பளுவினால் அதை உதவியாளரிடம் கொடுத்துவைத்தல், வெற்றுத்தாளில் கையொப்பமிட்டுக் கொடுப்பதைக் காட்டிலும் ஆபத்தானது. வெற்றுத்தாளை எண்ணித் திரும்பப் பெறலாம், இதற்கோ எண்ணிக்கையே இல்லை.

தனிநபர் விவரங்களை எக்காரணம் கொண்டும் சங்கிலியில் நேரடியாக எழுதலாகாது. 2023 இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் விவரங்களைத் திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையை மக்களுக்கு வகுத்துள்ளது. நீக்க இயலாத இடத்தில் எழுதிவிட்டு, பின்னர் அவ்வுரிமையை நிறைவேற்றுவது எங்ஙனம்? விவரத்தைத் தனியே வைத்து, முத்திரை எண்ணை மட்டும் ஏற்ற வேண்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கைப்பேசி எண்ணுக்கு மட்டும் முத்திரை கண்டு எழுதினால் அது மறைவாகாது. 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்கும் பத்திலக்க எண்கள் 400 கோடியே. அத்தனைக்கும் முத்திரை கண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணிப்பொறிக்குச் சிறு வேலை. எனவே ஒவ்வொரு விவரத்துடனும் ஊகிக்க இயலாத நீண்ட எண் ஒன்றைச் சேர்த்து முத்திரையிடுவது வழக்கம்.

பிழை நேர்ந்தால் திருத்தும் வழி, நமது பழைய பதிவேட்டின் வழியே. பழையது அப்படியே நிற்கும். அதை ரத்துச் செய்வதாக ஒரு புதிய பதிவும், சரியான விவரத்துக்கு மற்றொரு பதிவும் சேர்க்கப்படும். மாணவியின் பெயரில் எழுத்துப் பிழை இருந்து புதிய சான்றிதழ் வழங்கினால், பழைய சான்றிதழின் முத்திரை சங்கிலியில் இன்னும் பொருந்தவே செய்யும். ஆதலால் சரிபார்ப்போர் முத்திரை பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், ரத்துப் பதிவு ஏதேனும் உண்டா என்றும் தேட வேண்டும். இவ்விரண்டாம் தேடலைச் செய்யாத கருவி, ரத்தான சான்றிதழையும் செல்லும் என்றே காட்டும்.